வாரம் மூன்று நாள் வெளியே போயே ஆக வேண்டியவர்கள்: சிறுநீரக நலம், வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், செயலிழந்த சிறுநீரகங்களுக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சையான டயாலிசிஸ் செய்துகொள்வோரும் அவர்கள் வீட்டாரும் கொரோனா காலத்து ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். நோயைப் பற்றிய கடிதங்கள் என்பதால் எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் தருகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த நாள் முதல் எல்லோரிடமும் சொல்லப்பட்டது “வீட்டிலேயே இருங்கள்” என்பதுதான். அந்த அறிவுரையைக் கடைப்பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள் டயாலிசிஸ் நோயாளிகள். 2021-இன் பிற்பாதியில் வந்த இந்தக் கடிதங்கள் பெரும்பாலும் அந்த இக்கட்டைப் பற்றியவையே.

என் கணவருக்கு வயது 52. இரண்டு ஆண்டுகளாகத் திருச்சியில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. அவருக்கு அடுத்த படுக்கையில் இருந்தவர் மே மாதம் கொரோனாவில் இறந்துபோனார். அன்றிலிருந்து இவர் போக மறுக்கிறார். “மூன்றாம் அலை வரப் போகிறது, வாரம் ஒரு முறை போனால் போதும், சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறேன்” என்கிறார். இதற்கு அனுமதிக்கலாமா? (வாசகி, மணப்பாறை)

கூடாது அம்மா. உங்கள் கணவரின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இரண்டு ஆண்டுகள் ஒரே ஷிப்டில் பக்கத்துப் படுக்கையில் பேசிக்கொண்டு கிடந்த மனிதர் ஒரு வாரத்தில் இல்லாமல் போவதைப் பார்த்தவர் அவர். டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொரோனா வந்தால் மற்றவர்களைவிடத் தீவிரமாகும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் அதிகம் என்பதும் உண்மையே. ஆனால் அந்த நோய் வரலாம், வராமலும் போகலாம். டயாலிசிஸை விட்டால் என்ன நடக்கும் என்பதில் அப்படி “வரலாம், போகலாம்” என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகங்கள் அத்தனை மணி நேரமும் வேலை செய்கின்றன. மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தாலும், இயந்திரம் அந்த வேலையைச் செய்வது 12 மணி நேரம் மட்டுமே. அதுவே பற்றாக்குறை வாழ்க்கைதான். அதை 4 மணி நேரமாகக் குறைத்தால் இரண்டு பொருள்கள் உடலில் தேங்கும்: நீர், பொட்டாசியம் என்னும் தாது உப்பு.

முதலில் நீர். சிறுநீர் போவது ஏறக்குறைய நின்றுவிட்ட ஒருவருக்கு, கட்டுப்பாடாக இருந்தாலும், நாளொன்றுக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை ஏறுவது வழக்கம். அந்த எடை முழுவதும் தண்ணீர். ஏழு நாளில் ஆறு லிட்டர் சேர்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவரிடமிருந்து நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்று லிட்டருக்கு மேல் இழுத்தால் ரத்த அழுத்தம் சரியும், காலில் தசை இழுத்துப் பிடிக்கும், இதயத் தசைக்கே ரத்தம் போதாமல் போகும். ஆகவே மீதி மூன்று லிட்டர் உடலிலேயே தங்கும். அது காலில் வீக்கமாக இருந்தால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நுரையீரலில் ஏறினால் நள்ளிரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறுவார். அந்த நேரத்தில் ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனால், மூச்சுத் திணறலோடு வருபவர் என்பதால் முதலில் எந்த வார்டுக்கு அனுப்புவார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எதற்கு அஞ்சி வீட்டில் இருந்தாரோ அந்த இடத்துக்கே போய்ச் சேருவார்.

அடுத்தது பொட்டாசியம், இது இன்னும் கொடியது. நீர் ஏறினால் உடல் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். பொட்டாசியம் ஏறினால் பல நேரம் எந்த அறிகுறியும் இருக்காது. கை கால் தளர்ச்சி, நாடி மெதுவாவது என்று சிலருக்குத் தோன்றும். சிலருக்கு நேரே இதயம் நின்றுவிடும். வாரத்தில் இரண்டு நாள் தொடர்ந்து இடைவெளி விழுகிறதே, அந்த இடைவெளியின் முடிவில்தான் டயாலிசிஸ் நோயாளிகளின் மரணங்கள் கூடுதலாக நிகழ்கின்றன என்பது பெருந்தொற்றுக்கு முன்பே நன்கு அறியப்பட்ட செய்தி. இரண்டு நாளுக்கே இப்படியென்றால் ஆறு நாளை எண்ணிப் பாருங்கள். சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதும் இதற்கு மாற்று ஆகாது. பட்டினி கிடந்தால் உடல் தன் தசையையே கரைக்கும். அந்தத் தசையிலிருந்தும் பொட்டாசியம் ரத்தத்தில் இறங்கும்.

பணக் கஷ்டத்தால் வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். தொற்று உச்சத்தில் இருந்தபோது, இடமும் ஆட்களும் போதாமல் சில மையங்களே மூன்றை இரண்டாகக் குறைத்ததும் உண்டு. அவர்கள் ஒவ்வொரு நோயாளியின் ரத்தப் பரிசோதனையையும், சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதையும் பார்த்து, பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் தூளையும் கொடுத்து, அதன் பிறகே குறைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து நாமே எடுக்கும் முடிவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

உங்கள் கணவரிடம் இதை வாதமாகச் சொன்னால் கேட்கமாட்டார் என்று நினைக்கிறேன். வேறு ஒன்று செய்து பாருங்கள். மையத்தில் பேசி, கூட்டம் குறைந்த ஷிப்டுக்கு, முடிந்தால் அதிகாலை முதல் ஷிப்டுக்கு, சன்னலோரப் படுக்கையாக மாற்றித் தரக் கேளுங்கள். இறந்தவரின் படுக்கைக்கு அருகில் போய்ப் படுப்பதுதான் அவருக்கு முடியாததாக இருக்கலாம்.

முதல் ஊரடங்கில் பேருந்து நின்றுபோன நாட்களில், என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு விவசாயி பால் வண்டியில் ஏறி வந்தார். சோதனைச் சாவடியில் நிறுத்தியபோது கையில் பாஸ் இல்லை. மஞ்சள் பையில் இருந்த மருத்துவக் கோப்பை எடுப்பதற்குள், சட்டைக் கையை மடித்துப் புடைத்திருந்த ஃபிஸ்டுலாவை, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்த இடத்தை, காட்டினாராம். அந்தக் காவலருடைய தாயாரும் டயாலிசிஸில் இருந்தவராம், கையைப் பார்த்ததுமே வழிவிட்டாராம். அந்த விவசாயி அந்த மூன்று மாதத்தில் ஒரு முறைகூடத் தவறவிடவில்லை. இன்றும் நலமாக இருக்கிறார்.

நான்கு மணி நேரமும் முகக்கவசம் போட்டுக்கொண்டு படுத்திருந்தால் மூச்சு முட்டுகிறது. கழற்றினால் செவிலியர் திட்டுகிறார். என்ன செய்வது? (வாசகர், திண்டுக்கல்)

செவிலியர் பக்கமே நான். மூன்று அடுக்கு அறுவை முகக்கவசம் மூக்கையும் வாயையும் மூடியிருந்தால் போதும். இறுக்கமான என்95 உங்களுக்குக் கட்டாயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மூச்சு முட்டுவது முதல் ஒரு மணி நேரத்தில் அதிகமாகவும், நீர் இறங்க இறங்கக் குறைவாகவும் இருந்தால், குற்றம் துணியில் இல்லை, நுரையீரலில் ஏறியிருக்கும் நீரில் இருக்கிறது. உங்கள் உலர் எடையை, அதாவது நீர் முழுதும் எடுத்த பின் நிற்க வேண்டிய எடையை, மருத்துவர் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும்.

முகக்கவசத்தைக் கழற்ற வேண்டியிருப்பதால் பல மையங்களில் இடையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் மணி நேரத்தில் வரும் இட்லியும் தேநீரும் பலருக்கு அந்த நாளின் ஒரே மகிழ்ச்சி என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும், கிளம்பும் முன் சாப்பிட்டுவிட்டு, அன்றைய இன்சுலின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். படபடப்பும் வியர்வையும் வந்தால் தாமதிக்காமல் செவிலியரை அழைக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் மகள், எதிர்ப்புச் சக்திக்காகத் தினமும் கபசுரக் குடிநீர், நெல்லிச்சாறு, எலுமிச்சைச் சாறு, இளநீர், வைட்டமின் சி மாத்திரை எல்லாம் எடுக்கச் சொல்கிறாள். எனக்கு வயது 61, ஓராண்டாக டயாலிசிஸ். எடுக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

மகளின் அன்பு புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் பட்டியல் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கானது. உங்களுக்கு அதில் முதலில் நிறுத்த வேண்டியது இளநீர். அது பொட்டாசியக் கரைசல் என்றே சொல்லிவிடலாம். வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று இரண்டு இளநீர் குடித்துவிட்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறோம்.

வைட்டமின் சி மாத்திரை 500 மில்லிகிராம் அளவில் கடையில் கிடைக்கிறது. அந்த அளவு உடலில் ஆக்சலேட் என்ற கழிவுப் பொருளாக மாறும். சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாததால் இதயம், எலும்பு, ரத்தக் குழாய் என்று போய்ப் படியும். டயாலிசிஸ் நோயாளிக்கென்று குறைந்த அளவில் பி, சி வைட்டமின் சேர்ந்த மாத்திரை உண்டு. அதை உங்கள் மருத்துவர் ஏற்கெனவே எழுதியிருப்பார். அதுவே போதும். நெல்லிச்சாறும் எலுமிச்சைச் சாறும் நாள்தோறும் டம்ளர் கணக்கில் வேண்டாம். தாகத்துக்கு ஒரு துண்டு எலுமிச்சையை நாக்கில் வைத்துச் சப்புவதில் தவறில்லை, அது உமிழ்நீரைச் சுரக்கவைத்துத் தாகத்தையும் தணிக்கும்.

கபசுரக் குடிநீர் 15 சரக்குகள் சேர்ந்தது. அரசே வீடு வீடாகக் கொடுத்ததாயிற்றே என்று கேட்பீர்கள். பொதுமக்களுக்குக் கொடுத்தார்கள். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர் உடலில் அந்தச் சரக்குகள் எவ்வளவு நேரம் தங்கும், நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் போதிய சான்று இல்லாதபோது, நாள்தோறும் குடிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தெரியாமல் ஒரு முறை குடித்துவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். அதையும் அன்றைய நீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீர்க் கணக்கு என்றேன். முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டரைக் கூட்டினால் வருவதுதான் பொதுவாக உங்கள் ஒரு நாள் அளவு. காலையில் அந்த அளவுக்குத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். காபி, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் என எதைக் குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுங்கள். மாலையில் பாட்டிலைப் பார்த்தால் போதும், யாரும் உங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய டம்ளரை எடுத்து வைத்துவிட்டுச் சின்ன டம்ளரில் குடித்துப் பழகுங்கள்.

உண்மையில் தாகத்தைக் கூட்டுவது உப்புதான். ஊரடங்கில் காய்கறி கிடைக்காத நாட்களில் ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு என்றே பல வீடுகளில் பொழுது போனது. அந்த வாரங்களில் நீர் ஏறி வந்தவர்கள் மிகுதி. உப்பைக் குறைக்கச் சொன்னதும் சிலர் கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம்.

காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டுப் பிறகு தாளியுங்கள். பொட்டாசியத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். காய் வெந்த தண்ணீரில் சத்து இருக்கிறதென்று அதைச் சாம்பாரில் சேர்ப்பது நம் வழக்கம். உங்கள் வீட்டில் அந்த வழக்கத்தை மாற்றியாக வேண்டும். நட்சத்திரப் பழத்தை எந்தக் காரணத்துக்காகவும் வாயில் வைக்காதீர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அது மூளை நரம்புகளைப் பாதிக்கும் நஞ்சு.

எதிர்ப்புச் சக்திக்கு உங்களுக்கு உண்மையில் வேண்டியது புரதம். டயாலிசிஸ் தொடங்கும் முன் “பருப்பைக் குறை, முட்டையைக் குறை” என்று சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பின் அந்த அறிவுரை மாறிவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் வழியே புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் தேவை. முட்டை சாப்பிடும் குடும்பமென்றால் நாள்தோறும் இரண்டு முட்டை வெள்ளைக்கருவில் தொடங்குங்கள். மகளிடம் இதைச் சொல்லுங்கள், அடுத்த முறை அவர் கேட்க வேண்டியது “முட்டை சாப்பிட்டாயா” என்றுதான்.

எனக்குக் கொரோனா உறுதியானதும், மூன்று ஆண்டுகளாக நான் போய்வந்த டயாலிசிஸ் மையத்தில் “நெகட்டிவ் ஆனதும் வாருங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து நாள் டயாலிசிஸ் இல்லாமல் இருந்து, வேறோர் ஊரில் இடம் கிடைத்துப் பிழைத்தேன். அவர்கள் செய்தது சரியா? (வாசகர், விருதுநகர் மாவட்டம்)

சரியில்லை. கொரோனா உள்ளவர்களுக்கு டயாலிசிஸ் செய்வது பற்றி மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தொற்று உள்ளவரைத் தனி அறையில் தனி இயந்திரத்தில் வைத்துச் செய்ய வேண்டும், தனி அறை இல்லாவிட்டால் அந்த நாளின் கடைசி ஷிப்டில் செய்து பிறகு கிருமி நீக்கம் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கென்று மையம் ஒன்றையாவது மாநிலங்கள் ஒதுக்கி வைக்க வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டது. ஆகவே “எங்களால் இங்கே முடியாது” என்று சொல்லும் மையத்துக்கு, எங்கே முடியும் என்று விசாரித்து இடம் உறுதிசெய்து அனுப்பிவைக்கும் பொறுப்பு உண்டு. கதவைச் சாத்திவிட்டுப் பதினான்கு நாள் கழித்து வரச் சொல்வது, நாகரிகமான சொற்களில் சொல்லப்பட்ட மரண தண்டனைதான். ஊழியர்களே ஒருவர்பின் ஒருவராகத் தொற்றில் படுத்த நாட்கள் அவை என்பதை நான் மறக்கவில்லை. அது காரணமாகலாம், நியாயமாகாது.

இனி யாருக்கேனும் இப்படி நேர்ந்தால் காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் கேளுங்கள். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழைத்துக் கேட்கலாம். மூச்சுத் திணறலோ தளர்ச்சியோ தொடங்கிவிட்டால் நேரே 108. கடைசி டயாலிசிஸ் குறிப்பு, உலர் எடை, மஞ்சள் காமாலை பி, சி மற்றும் எச்ஐவி பரிசோதனை முடிவுகள், காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகலை ஒரே உறையில் போட்டு வாசலருகே வைத்திருங்கள். புதிய மையம் முதலில் கேட்பது அவற்றைத்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும் என்பதால், செல்லும் மருத்துவமனை அத்திட்டத்தில் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, காய்ச்சலை மாத்திரையால் அடக்கிக்கொண்டு வந்து படுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அறையில் உங்களைப் போலவே எதிர்ப்புச் சக்தி குறைந்த பத்துப் பேர் இருக்கிறார்கள். கிளம்பும் முன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் காய்ச்சலே இல்லாமல் வெறும் அசதி, பசியின்மை, வயிற்றுப்போக்கு என்றும் கொரோனா தொடங்கும். அதையும் சொல்லுங்கள்.

தடுப்பூசி போடலாமா? எந்தக் கையில், எந்த நாளில்? (வாசகர், இராஜபாளையம்)

கட்டாயம் போட வேண்டும். 2021 மார்ச் 1 அன்று 45 வயதுக்கு மேற்பட்ட இணைநோயாளிகளுக்குத் தொடங்கியபோதே டயாலிசிஸ் நோயாளிகள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அப்போது போடப்பட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டிலும் உடலில் பெருகும் உயிருள்ள கொரோனா கிருமி இல்லை, எது கிடைத்தாலும் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தது. ஃபிஸ்டுலா இல்லாத கையில், டயாலிசிஸ் இல்லாத நாளில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கிறோம், அதனால் அன்று ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசியலாம். ஊசி போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் உடலில் தடுப்பாற்றல் மற்றவர்களுக்கு உண்டாகும் அளவுக்கு உண்டாகாமல் போகலாம். அதனால்தான் வீட்டிலுள்ள எல்லோரும் போட்டுக்கொள்வது உங்களுக்கு இரண்டாவது தடுப்பூசி போன்றது.

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் வரை வாரம் மூன்று முறை அப்பாவை அழைத்துப்போகிறோம். வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸுக்கு மாறிவிடலாமா? (வாசகர், வேதாரண்யம்)

நல்ல கேள்வி, இன்னும் பல குடும்பங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, பொதுவாக இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வடித்துவிட்டுப் புதிதாக விட வேண்டும். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை. ஊசி இல்லை, பயணம் இல்லை, பத்துப் பேர் படுத்திருக்கும் கூடம் இல்லை. மாதம் ஒரு முறை மருத்துவரைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். ஊரடங்குக் காலத்தில் இந்த முறையில் இருந்தவர்கள் ஒப்பீட்டளவில் நிம்மதியாக இருந்தார்கள்.

ஆனால் பை மாற்றும் ஒவ்வொரு முறையும் கை கழுவுவதில் சமரசமே கூடாது. மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு மாற்ற வேண்டும். வடிந்து வரும் திரவம் தெளிவாக இருக்க வேண்டும். பையின் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். கலங்கியிருந்தாலோ வயிறு வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வயிற்று உறையில் கிருமி புகுந்திருக்கிறது என்று பொருள். அப்பாவுக்கு முன்பு பெரிய வயிற்று அறுவை நடந்திருந்தால் இந்த முறை பொருந்தாமலும் போகலாம். குழாய் பொருத்திய பின் புண் ஆற ஏறக்குறைய இரண்டு வாரம் விடுவார்கள். அதுவரை தஞ்சாவூர்ப் பயணம் தொடரும்.

செலவுதான் பலரைத் தடுத்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் ஒரு பகுதி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்யக் கேளுங்கள். பைகளை அடுக்க ஈரமில்லாத இடமும், பை மாற்ற ஒரு சிறு அறையும் வீட்டில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை எந்த விரலில் மாட்ட வேண்டும்? எனக்கு ஒரு நேரம் 97, ஒரு நேரம் 89 என்று காட்டிப் பயமுறுத்துகிறது. (வாசகி, சேலம்)

ஃபிஸ்டுலா இல்லாத கையின் நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ மாட்டுங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையில் விரல் நுனிக்கு ரத்தம் குறைவாக வரலாம் என்பதால் அளவு பிசகும். அந்தக் கையில் ரத்த அழுத்தமும் பார்க்கக் கூடாது, ரத்தமும் எடுக்கக் கூடாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்த பின், விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, எண் அசையாமல் நிற்கும் வரை பொறுத்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தும் 94-க்குக் கீழே நின்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், அது கொரோனாவாகவும் இருக்கலாம், ஏறிய நீராகவும் இருக்கலாம். விரலில் மருதாணி வைத்திருப்பதாகக் கடிதத்தின் இன்னோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் மருதாணி இல்லாத விரலில் மாட்டிப் பாருங்கள்.